சூப்பர்சார்ஜர் காரில் குழாயும் சூடும்: கேளுங்கள், சொல்கிறோம்

பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும்போது வரும் கூடுதல் அழுத்தம்) ஏற்றுவது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்கள் குறைந்து, ஏற்றிய பூஸ்ட் ஏன் நிற்கவில்லை, காற்று ஏன் இவ்வளவு சூடாகிறது என்று கேட்கும் கடிதங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. நல்ல மாற்றம். இந்த இதழின் பக்கங்கள் முழுக்க அவற்றுக்குத்தான். பதில்களில் வரும் கணக்குகளை ஒரே எஞ்சினை வைத்துப் போட்டிருக்கிறோம்: 1.8 லிட்டர் பெட்ரோல், 6,500 ஆர்.பி.எம்., 0.5 பார் பூஸ்ட், வெளியே 35 டிகிரி வெயில். அந்த நிலையில் வினாடிக்குச் சுமார் 140 கிராம் காற்று எஞ்சினுக்குள் போகும். உங்கள் எஞ்சின் வேறானால் எண்கள் மாறும், எது முக்கியம் என்ற வரிசை மாறாது.

மஸ்டா எம்.எக்ஸ்-5, 1.8 எஞ்சின். ஈட்டன் எம்62 சூப்பர்சார்ஜர், முன்னால் இன்டர்கூலர் (அழுத்திச் சூடான காற்றை ஆற்றுவது). ஃபில்டரிலிருந்து த்ராட்டில் (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வால்வு) வரை எல்லாக் குழாயையும் ஒரே 63 மி.மீ. அளவில் அடித்துவிடலாமா? பட்டறைக்காரர் 76 மி.மீ. போடச் சொல்கிறார்.
– கிள்ளான், மலேசியா

ஒரே அளவு வேண்டாம். உறிஞ்சும் பக்கம் (சூப்பர்சார்ஜருக்கு முன்) பெரிதாகவும் தள்ளும் பக்கம் (அதற்குப் பின்) சிறிதாகவும் இருக்க வேண்டும். கிட் விற்பவர்கள் பலரும் செய்வது இதற்கு நேர்மாறு: இன்டர்கூலர் குழாய் பளபளவென்று பெரிதாக இருக்கும், ஃபில்டர் குழாய் மூலையில் நசுங்கிக் கிடக்கும்.

சூப்பர்சார்ஜர் காற்றை ஒரு விகிதத்தில் அழுத்துகிறது. 0.5 பார் பூஸ்ட் என்றால் விகிதம் ஏறத்தாழ 1.5. அதன் வாய்க்கு வரும் முன் 2 கிலோபாஸ்கல் அழுத்தம் வீணானால், வெளியேறும் பக்கத்தில் அது 3 ஆகப் பெருகிப் போகும். அதே 2 கிலோபாஸ்கல் சூப்பர்சார்ஜருக்குப் பிறகு வீணானால் இழப்பு 2 மட்டும்தான். வெப்பமும் அப்படியே பெருகும், அதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம். குழாய்க்கு ஒதுக்கிய பணமும் இடமும் முதலில் ஃபில்டருக்கும் சூப்பர்சார்ஜர் வாய்க்கும் இடைப்பட்ட அந்த ஒரு மீட்டருக்குப் போகட்டும்.

1.6 மி.மீ. சுவர் கொண்ட 51 மி.மீ. குழாயில் உறிஞ்சும் பக்கக் காற்று வினாடிக்கு 68 மீட்டர் வேகத்தில் ஓடும். 63.5 மி.மீ. குழாயில் 43 மீட்டர், 76 மி.மீ. குழாயில் 29 மீட்டர். இழப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். அதனால் 51-லிருந்து 63.5-க்குப் போனால் ஒவ்வொரு பெண்டிலும் (வளைவிலும்) இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். 63.5-லிருந்து 76-க்குப் போனாலும் ஆதாயம் உண்டு, ஆனால் சிறிது. எனவே உறிஞ்சும் பக்கத்துக்கு 63.5 போதும். மூன்று பெண்டுக்கு மேல் வருகிறதென்றால் 76 போடுங்கள்.

தள்ளும் பக்கத்தில் காற்று ஏற்கெனவே அழுத்தப்பட்டிருப்பதால் கன அளவு குறைவு. சூப்பர்சார்ஜரிலிருந்து இன்டர்கூலர் வரை 51 மி.மீ. தாராளம். இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்கு 51 அல்லது 57. உங்கள் காரில் த்ராட்டில் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருந்தால் இது இன்னும் முக்கியம். த்ராட்டிலைத் தாண்டிய காற்றறை முழுவதும் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் நிரம்பி, விடும்போது காலியாக வேண்டும். 2 மீட்டர் நீளமுள்ள 51 மி.மீ. குழாயின் கொள்ளளவு 3.6 லிட்டர், அதே நீளத்தில் 76 மி.மீ. குழாய் 8.3 லிட்டர். பெரிய குழாய் போட்டபின் வண்டி காலுக்குத் தாமதமாகப் பதில் சொல்வதும், காலை எடுத்தபின் ஆர்.பி.எம். இறங்க மறுப்பதும் இதனால்தான்.

கணக்கை நம்புவதைவிட அளந்து பாருங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான டியூப் 3 மீட்டர் வாங்குங்கள். அதை ஒரு பலகையில் யு வடிவில் கட்டி, இரண்டு கையும் 600 மி.மீ. உயரம் இருக்கும்படி வைத்து, பாதி வரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்தபடி இருக்கட்டும். மறுமுனையை உறிஞ்சும் குழாயில் கடைசிப் பெண்டுக்குப் பின் பொருத்திய சிறு நிப்பிளில் மாட்டுங்கள். நிப்பிளின் முனை குழாயின் உள்சுவருக்குச் சமமாக இருக்க வேண்டும், உள்ளே நீட்டினால் அளவு பொய்யாகும். டைனோவிலோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பவரை அளக்கும் மேடை) டிராக்கிலோ முழு ஆக்சிலேட்டரில் உச்ச ஆர்.பி.எம். வரை போகும்போது பக்கத்தில் இருப்பவர் நீர்மட்ட வித்தியாசத்தைக் குறிக்கட்டும். 100 மி.மீ. வித்தியாசம் ஒரு கிலோபாஸ்கலுக்குச் சமம். ஃபில்டரும் சேர்த்து 200-க்குள் இருந்தால் திருப்தி. 300-ஐத் தாண்டினால் நிப்பிளை ஃபில்டருக்கு அடுத்து மாற்றி மறுபடி பாருங்கள், குற்றவாளி ஃபில்டரா பெண்டா என்று தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. த்ராட்டில் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கும் வண்டியில் நிப்பிளைக் கட்டாயம் த்ராட்டிலுக்கும் முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் ஐடிலிங்கில் உண்டாகும் வெற்றிடம் டியூபில் உள்ள தண்ணீர் முழுவதையும் சூப்பர்சார்ஜரின் ரோட்டருக்குள் (காற்றைத் தள்ளும் சுழலிக்குள்) இழுத்துவிடும்.

பழைய மெர்சிடிஸ் சி 200 கொம்ப்ரசர் வைத்திருக்கிறேன். கம்பெனி ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் போட்டால் பவர் ஏறும் என்கிறார்கள். சத்தம் நன்றாக இருக்கிறது. போடலாமா?
– கோயம்புத்தூர்

வேண்டாம். சத்தம் ஏறும், காற்று சூடாகும்.

கம்பெனிப் பெட்டி காற்றை வண்டியின் முன்பக்கத்திலிருந்து எடுக்கிறது. பானெட்டுக்குள் திறந்து கிடக்கும் கூம்பு ஃபில்டரோ ரேடியேட்டரைத் தாண்டி வந்த காற்றைக் குடிக்கிறது. வெளியே 35 டிகிரி என்றால் நெரிசலில் பானெட்டுக்குள் 60 டிகிரி எளிதில் வந்துவிடும். இந்த 25 டிகிரி அதே 25-ஆக நிற்காது. இந்த வகை சூப்பர்சார்ஜரின் செயல்திறனை 60 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று 97 டிகிரியில் வெளியே வருகிறது. 60-ல் உள்ளே போவது 127-ல் வருகிறது. 25 கொடுத்தால் 30 திரும்பி வருகிறது. இன்டர்கூலர் அதில் பெரும்பகுதியை எடுத்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் நெரிசலில் இன்டர்கூலர் மேலும் காற்று ஓடுவதில்லை. சூடான காற்றில் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது) வரும், இ.சி.யு. (எஞ்சின் கம்ப்யூட்டர்) இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பவர் அங்கேதான் கரைகிறது.

கூம்பு ஃபில்டர்தான் வேண்டுமென்றால் அதற்கொரு மூடிய பெட்டி செய்யுங்கள். 1.5 மி.மீ. அலுமினியத் தகடு, மேல் விளிம்பில் பானெட்டோடு அழுந்தும் ரப்பர் பீடிங், முன் கிரில் பக்கமிருந்து 76 மி.மீ. குழாய், அடியில் மழைநீர் வடிய 6 மி.மீ. துளை ஒன்று. குழாயின் வாயைப் பம்பருக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கினால் எஞ்சின் தண்ணீரைக் குடித்து கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சரியாகச் செய்தோமா என்று தெரிய, இரண்டு வயர் மாட்டக்கூடிய தெர்மோகப்பிள் மீட்டர் போதும். ஒரு வயரை ஃபில்டர் வாயிலும் மற்றதை வெளியே பக்கவாட்டுக் கண்ணாடிக்கு அடியிலும் வையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடியபின் வித்தியாசம் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 15 காட்டினால் பெட்டியில் எங்கோ ஓட்டை.

இந்த வயது வண்டியில் பணம் செலவழிக்க இதைவிட நல்ல இடங்கள் இருக்கின்றன. எஞ்சின் பிரீதர் ஹோஸ்கள் சூட்டில் வெந்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வழியாக அளக்கப்படாத காற்று நுழையும். இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாகச் சாலை வண்டியை மாற்றக்கூடாது. பெரிய மாற்றங்களை டிராக் வண்டியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மாண்ட்ரல் பெண்டு (நசுங்காமல் எந்திரத்தில் வளைத்த குழாய்) கிடைக்கவில்லை. 63.5 மி.மீ. அலுமினியக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி 90 டிகிரி பெண்டு செய்யப் பார்த்தேன். 15 டிகிரி வைத்து வெட்டினேன், மூன்று இணைப்பிலேயே 90 வந்துவிட்டது. உள்ளே கூர்மையாக மடிந்து நிற்கிறது. கணக்கு எங்கே தவறியது?
– சேலம்

ரம்பத்தின் கோணம் ஒன்று, இணைப்பு திருப்பும் கோணம் அதைப்போல் இருமடங்கு. 15 டிகிரியில் வெட்டிய இரண்டு முகங்கள் சேரும்போது குழாய் 30 டிகிரி திரும்பும். 90-ஐ ஆறு இணைப்பில் திருப்ப வேண்டுமென்றால் இணைப்புக்கு 15, ரம்பத்துக்கு 7.5 டிகிரி. இதற்கு ஆப்பு வடிவத் துண்டுகள் ஐந்து வேண்டும். இரு கோடியிலும் ஒரு பக்கம் மட்டும் 7.5-ல் சீவிய நேர்க்குழாய் வரும்.

துண்டின் நீளம் பெண்டின் ஆரத்தைத் தீர்மானிக்கிறது. நடுக்கோட்டு ஆரம் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 95 மி.மீ. வைத்தால் காற்று சிரமமின்றித் திரும்பும். அதற்கு ஆப்பின் நடுநீளம் 25 மி.மீ. இருக்க வேண்டும். குட்டைப் பக்கம் சற்றே 17-க்குக் குறைவாகவும் நெட்டைப் பக்கம் 33-க்குச் சற்று மேலேயும் வரும். இடம் இல்லையென்றால் குட்டைப் பக்கத்தை 10 வரை குறைக்கலாம், ஆரம் 70-க்கு இறங்கும். அதற்கும் கீழே போகாதீர்கள்.

வெட்டும் முன் குழாயின் நீளவாக்கில் எதிரெதிரே இரண்டு கோடு போடுங்கள். சுற்றளவு 199.5 மி.மீ., ஆகவே ஒரு கோட்டிலிருந்து டேப்பில் 99.7 அளந்தால் அடுத்த கோடு. ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்குக் கறுப்பு. ஒரு வெட்டு போட்டதும் குழாயை 180 டிகிரி உருட்டி அடுத்த வெட்டு. ரம்பத்தின் கோணத்தை மாற்றவே வேண்டாம், துளியும் வீணாகாது. முதல் துண்டின் நெட்டைப் பக்கம் சிவப்புக் கோட்டில் இருந்தால் அடுத்ததில் கறுப்பில் இருக்கும். இணைக்கும்போது சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று வெளிப்பக்கத்தில் வரிசையாக வந்தால் பெண்டு முறுக்கு இல்லாமல் ஒரே தளத்தில் நிற்கும். ரம்பம் தின்னும் தூளையும் சேர்த்து ஐந்து துண்டுக்கு 140 மி.மீ. குழாய் செலவாகும்.

பிசிறுகளை அரத்தால் எடுத்து, முகத்தைத் தட்டையான கண்ணாடி மேல் ஒட்டிய எமரித் தாளில் தேயுங்கள். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து உள்ளே டார்ச் அடித்தால் வெளிச்சம் கசியக்கூடாது. 1.6 மி.மீ. அலுமினியத்தில் இடைவெளி இருந்தால் டிக் வெல்டிங்கில் விளிம்பு உருகிப் பின்வாங்கி ஓட்டையாகும். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் கரண்ட் அதிகம் என்று நினைத்துக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். குறை வெட்டிய முகத்தில் இருக்கிறது.

ஏ.சி. கரண்ட், 60 முதல் 80 ஆம்பியர், 1.6 மி.மீ. 4043 ராடு, ஆர்கான் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர். முதலில் எல்லா இணைப்புக்கும் நான்கு நான்கு புள்ளி வைத்து முழுப் பெண்டையும் காரில் வைத்துப் பாருங்கள். பிறகுதான் முழு வெல்டிங். ஒரு இணைப்பைச் சுற்றி முடிக்காமல் எதிர்ப்பக்கம் மாறி மாறிக் கால்வட்டமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் பெண்டு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். அசிட்டோனில் துடைத்து, முழுக்க உலர்ந்தபின், அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு ஆர்க் பிடியுங்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் துடைக்கவே கூடாது. குளோரின் கலந்த வகை ஆர்க் வெப்பத்தில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். கொஞ்சம் சுவாசித்தாலே நுரையீரல் போய்விடும்.

குழாய் முனையில் ஹோஸ் கழன்றுவிடாமல் இருக்க ஒரு வளையம் வேண்டும். பீடு உருட்டும் கருவி இல்லையென்றால் விளிம்பிலிருந்து 7 மி.மீ. தள்ளி ஒரு சுற்று வெல்டிங் போட்டு, 1.5 மி.மீ. உயரம் நிற்கும்படி அரத்தால் வழவழப்பாக்குங்கள். உயரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும், மேடு பள்ளம் இருந்தால் அங்கேதான் கசியும்.

ஸ்டெயின்லெஸ் 304 குழாயில் செய்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே ஆர்கான் நிரப்பாமல் வெல்டிங் போட்டால் பின்புறம் கறுத்து, சர்க்கரை பூத்தாற்போல் பொருபொருவென்று வரும். எக்ஸாஸ்ட் குழாயில் அது வெளியே பறந்துபோகும். இங்கே உதிரும் ஒவ்வொரு துகளும் நேராக ரோட்டருக்குள் போகிறது. ரோட்டர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரின் சிறு பங்குதான். உறிஞ்சும் குழாயை வெல்டிங் முடித்ததும் மரச் சுத்தியால் தட்டி, வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் விட்டுக் கழுவி, வெள்ளைத் துணியை உள்ளே இழுத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை இழுத்துக்கொண்டே இருங்கள். இந்த வேலையில் நாங்கள் ஒருபோதும் அவசரப்பட விடமாட்டோம்.

பிளம்பிங் பி.வி.சி. குழாய் மலிவு, எல்லாக் கோணத்திலும் எல்போ கிடைக்கிறது. இன்டர்கூலர் குழாய்க்கு உதவுமா?
– மதுரை

மாதிரி செய்து பார்க்க உதவும், ஓட்ட உதவாது. பி.வி.சி. 75, 80 டிகிரியிலேயே இளகும். சூப்பர்சார்ஜரிலிருந்து வரும் காற்று 100-ஐத் தொடுகிறது. குழாய்ப் பாதையைக் காருக்குள் பி.வி.சி.யில் அடித்துப் பார்த்து, ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் திரும்பும் கோணத்தையும் குறித்துக்கொண்டு, பிறகு அலுமினியத்தில் வெட்டுங்கள். எஞ்சின் ஆக்சிலேட்டரில் ஆடும் என்பதை மறக்க வேண்டாம். எதன் மீதும் உரசாமல் சுற்றிலும் 15 மி.மீ. இடம் விடுங்கள்.

தங்க நிற வெப்பத் தடுப்பு டேப் ஒரு சுருள் வாங்கிவிட்டேன். எந்தெந்தக் குழாயில் சுற்ற வேண்டும்?
– சிங்கப்பூர்

முதலில் எதில் சுற்றக்கூடாது என்று சொல்லிவிடுகிறோம்: சூப்பர்சார்ஜருக்கும் இன்டர்கூலருக்கும் இடைப்பட்ட குழாயில். அங்கே காற்று பானெட்டுக்குள் இருக்கும் காற்றைவிடச் சூடானது. குழாய் வழியாக வெளியேறும் வெப்பம் லாபம். அதைச் சுற்றி மூடிவிட்டு இன்டர்கூலருக்கு வேலையைக் கூட்டாதீர்கள்.

இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில் சுற்றலாம், உறிஞ்சும் குழாயிலும் சுற்றலாம். ஆனால் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முழு ஆக்சிலேட்டரில் ஒரு மீட்டர் குழாயைக் காற்று வினாடியின் நாற்பதில் ஒரு பங்குக்குள் கடந்துவிடுகிறது. அந்த நேரத்தில் 80 டிகிரி பானெட்டுக்குள்ளும் அது ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரிக்கு மேல் சூடேறாது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது காற்று மெதுவாகப் போவதால் குழாயின் சூட்டை முழுக்க வாங்கிக்கொள்ளும், அங்கேதான் டேப்புக்கு வேலை. அலுமினியமா ஸ்டெயின்லெஸ்ஸா என்ற சண்டையும் இதே காரணத்தால் வீண். காற்றை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது 25 டிகிரி விஷயம், குழாய் எதனால் ஆனது என்பது ஒரு டிகிரி விஷயம்.

மீதமுள்ள டேப்பை விட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தகட்டுத் திரை அதிகப் பலன் தரும். 0.8 மி.மீ. அலுமினியத் தகடு, இரு பக்கமும் குறைந்தது 10 மி.மீ. காற்றிடைவெளி. தகடு எதையும் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே சூட்டைக் கடத்தும்.

மினி கூப்பர் எஸ், ஆர்53. நின்று கிளம்பினால் முதல் சில நிமிடங்கள் வண்டியில் உயிரே இல்லை. சின்ன புல்லி மாட்டிய பிறகு இன்னும் மோசம்.
– கிழக்கு லண்டன்

இந்த மாடலில் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே படுத்திருக்கிறது. நிறுத்தியதும் எஞ்சினின் சூடு மேலேறி அதன் உலோகம் முழுவதையும் வேக வைக்கிறது. கிளம்பியதும் வரும் முதல் காற்றை இன்டர்கூலர் குளிர்விப்பதில்லை, சூடாக்குகிறது. பானெட் ஸ்கூப் வழியாகக் காற்று பாய்ந்து அந்த உலோகம் ஆறும்வரை இப்படித்தான்.

முதலில் ஸ்கூப்புக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள ஸ்பாஞ்ச் சீலைப் பாருங்கள். வயதானால் அது நசுங்கித் தூளாகும். ஸ்கூப்பில் வரும் காற்று இன்டர்கூலரின் துடுப்புகளுக்குள் போகாமல் பக்கவாட்டில் தப்பிவிடும். 20 மி.மீ. தடிப்புள்ள மூடிய துளை வகை ஸ்பாஞ்சை வெட்டி, பானெட்டை மூடும்போது 5 மி.மீ. அழுந்தும்படி ஒட்டுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் முதல் நாளே தெரியும். அடுத்து இரு பக்கமும் உள்ள ரப்பர் பூட்டுகள். அவற்றில் எண்ணெய்க் கசிவின் ஈரம் தெரிந்தால் காற்றும் அங்கே கசிகிறது.

புல்லி பற்றி: 15 சதவீதம் சிறிய புல்லி சூப்பர்சார்ஜரை ஏறத்தாழ 18 சதவீதம் வேகமாகச் சுற்றுகிறது. இந்த ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர், வேகமும் அழுத்தமும் ஏற ஏற செயல்திறனை இழக்கும். காற்றைவிட வேகமாக வெப்பம் கூடும். இன்டர்கூலரைப் பெரிதாக்காமல் புல்லியைச் சிறிதாக்கியது வரிசை மாறிய வேலை. சூப்பர்சார்ஜரின் இரு முனையிலும் உள்ள கியர் எண்ணெயையும் பாருங்கள். இந்த வண்டியில் தண்ணீர் பம்ப்பும் அதே சூப்பர்சார்ஜரிலிருந்துதான் சுற்றுகிறது, அங்கே கியர் தேய்ந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

ஃபில்டர் குழாயை 63.5-லிருந்து 76-க்கு மாற்றினேன். காற்றளவு சென்சாரையும் புதிய குழாயில் பொருத்தினேன். ஐடிலிங் சரி, மிதித்தால் டிக்டிக் என்று நாக்கிங். செக் எஞ்சின் விளக்கில் பி0171.
– புதுச்சேரி

இன்றைக்கே முழு ஆக்சிலேட்டரை நிறுத்துங்கள். சென்சார் குழாயின் நடுவில் ஓடும் காற்றின் ஒரு சிறு பகுதியை மட்டுமே தொட்டு, மொத்தத்தை ஊகிக்கிறது. அந்த ஊகம் பழைய குழாயின் பரப்புக்குப் போட்டது. உள்விட்டம் 60.3-லிருந்து 72.8 ஆனதும் பரப்பு 46 சதவீதம் கூடிவிட்டது. 146 கிராம் போகும்போது இ.சி.யு. 100 என்று நம்பி அதற்கேற்ற பெட்ரோலைத்தான் விடுகிறது. மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் ஓரளவு சரிசெய்து தாக்குப்பிடிக்கும், பி0171 அந்தத் திருத்தம் எல்லை தாண்டியதன் அடையாளம். முழு ஆக்சிலேட்டரில் அந்தத் திருத்தம் நடப்பதில்லை. பூஸ்ட் உள்ள எஞ்சினில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும்.

சென்சாரைப் பழைய உறையோடு, உள்ளே இருக்கும் வலையோடு சேர்த்து அப்படியே திரும்ப மாட்டுங்கள். முன்னும் பின்னும் 76 மி.மீ. குழாய் இருக்கலாம், சுருக்கமும் விரிவும் 50 மி.மீ. நீளத்துக்கு மெல்லச் சரியட்டும். சென்சாருக்கு முன் குறைந்தது 150 மி.மீ. நேர்க்குழாய் விடுங்கள். பெண்டை ஒட்டினாற்போல் வைத்தால் காற்று ஒரு பக்கம் சாய்ந்து ஓடி அளவு அலைபாயும். பெரிய உறைதான் வேண்டுமென்றால் இ.சி.யு.வில் அளவு அட்டவணையை மாற்றித் தருபவரிடம் வண்டியை டைனோவில் ஏற்றிய பிறகு.

பைபாஸ் வால்விலிருந்து (பூஸ்ட் தேவைப்படாதபோது காற்றைத் திருப்பிவிடும் வால்வு) வரும் காற்றும் சென்சாருக்குப் பின்னால்தான் திரும்பிச் சேர வேண்டும். வெளியே விட்டால், அளந்த காற்று எஞ்சினுக்கு வராமல் போய், காலை எடுக்கும்போதெல்லாம் பெட்ரோல் அதிகமாகி வண்டி அணையும்.

தண்ணீரில் குளிரும் இன்டர்கூலர் போட்டிருக்கிறேன். ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு அது வேலை செய்வதாகவே தெரியவில்லை.
– சென்னை

பெரும்பாலும் காற்றுக் குமிழி, இல்லையென்றால் பம்ப். ரேடியேட்டரிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் ஹோஸைக் கழற்றி ஒரு லிட்டர் பாத்திரத்தில் பிடியுங்கள். 4 வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர், போதும். 10 வினாடி ஆனால் எங்கோ அடைப்பு, மடிப்பு அல்லது காற்று. தண்ணீர் ஓடும் பாதையிலேயே உயரமான இடத்தில் தொட்டியை வையுங்கள், பம்பை அதற்கு நேர் கீழே. தண்ணீர் தொட்டியிலிருந்து பம்புக்குத் தானாக இறங்க வேண்டும்.

நம் கணக்கு எஞ்சினில் முழு பூஸ்டில் இன்டர்கூலர் எடுக்கும் வெப்பம் 6 கிலோவாட். 15 லிட்டர் ஓட்டத்தில் தண்ணீர் ஒரு சுற்றுக்கு 6 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். 4 லிட்டர் இருந்தால் 10 வினாடி முழு மிதிக்கு மொத்தத் தண்ணீரும் மூன்றரை டிகிரி ஏறும். இதை முன்பக்க ரேடியேட்டர் அடுத்த மிதிக்குள் இறக்கியாக வேண்டும். அந்த ரேடியேட்டரை ஏ.சி. கண்டென்சருக்குப் பின்னால் வைத்திருந்தால் ஏ.சி. ஓடும்போது அது சூட்டைத்தான் வாங்கும், முன்னால் கொண்டுவாருங்கள். எஞ்சின் கூலண்டோடு இந்தச் சுற்றை எங்கும் இணைக்காதீர்கள். சென்னையில் உறைபனி இல்லை, பாதிக்குப் பாதி கூலண்ட் தேவையில்லை. துரு பிடிக்காமல் இருக்க ஐந்தில் ஒரு பங்கு போதும், மீதி காய்ச்சி வடித்த நீர். தண்ணீர்தான் அதிக வெப்பத்தைச் சுமக்கும்.

மேட்டுப்பாளையத்தில் 0.5 காட்டும் பூஸ்ட் மீட்டர் மேலே வந்தால் 0.4-ஐத் தாண்டுவதில்லை.
– ஊட்டி

வண்டி நன்றாக இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே சமவெளியின் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். அதே விகிதத்தில் அழுத்தினாலும் மீட்டரில் 0.39 தான் வரும். புல்லியை மாற்ற வேண்டாம்.

சமவெளியிலேயே 0.5 வர வேண்டியது 0.35 தான் வருகிறது. எங்கிருந்து தொடங்க?
– ஈரோடு

மீட்டர் எப்படி ஏறுகிறது என்று முதலில் கவனியுங்கள். 4,500 வரை சரியாக ஏறி அதன்பின் படுத்தால் பெல்ட் வழுக்குகிறது. புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் இருக்கும், டென்ஷனரைப் பாருங்கள். ஆர்.பி.எம். கூடக் கூடப் பற்றாக்குறையும் மெல்லக் கூடினால் உறிஞ்சும் பக்க நெருக்கடி. கிள்ளான் வாசகருக்குச் சொன்ன நீர் டியூபை மாட்டுங்கள். கீழ் ஆர்.பி.எம்.மிலிருந்தே குறைவாக இருந்தால் கசிவு, அல்லது பைபாஸ் வால்வு முழுதாக மூடவில்லை.

வால்வைச் சோதிக்க அதன் கைநெம்பை விரலால் அசைத்துப் பாருங்கள். தடையின்றி முழுதாக மூடி நிற்க வேண்டும். வெற்றிடக் குழாயில் வெடிப்பு இருந்தாலும் அது சரியான நேரத்தில் திறந்து மூடாது. பாதி திறந்த வால்வு பூஸ்டை மட்டும் தின்பதில்லை, ஒருமுறை அழுத்திச் சூடான காற்றையே மறுபடி சூப்பர்சார்ஜருக்குள் அனுப்புகிறது. பூஸ்ட் குறைந்தும் சூடு கூடியிருந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

கசிவுக்கு: எஞ்சின் ஆறியபின், சூப்பர்சார்ஜர் வெளிவாயில் கழற்றிய ஹோஸையும் எஞ்சின் பக்கக் கடைசி ஹோஸையும் பி.வி.சி. மூடியால் அடையுங்கள். ஒரு மூடியில் டயர் வால்வு பொருத்தி, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரசரால் 0.5 பார் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மூடி தெறித்தால் ஆபத்து, நேராக அதன் முன் நிற்காதீர்கள். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஹோஸ் விளிம்பிலும் வெல்டிங்கிலும் தெளியுங்கள். வெல்டிங்கில் ஒற்றைக் குமிழிச் சரம் கிளம்பும் இடத்தை மார்க்கரால் வட்டமிட்டு வையுங்கள், காற்றை இறக்கியபின் அந்த ஊசித்துளை கண்ணுக்கே தெரியாது.

ஹோஸ் முனையில் கசிந்தால் கிளாம்பை இன்னும் முறுக்குவது தீர்வல்ல. ஹோஸுக்குள் இரு பக்கக் குழாயும் தலா 35 மி.மீ. போயிருக்க வேண்டும், இரு குழாய் முனைகளுக்கும் நடுவே 10 முதல் 20 மி.மீ. இடைவெளி, கிளாம்ப் வளையத்துக்குப் பின்னால், ஹோஸ் விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே. தள்ளும் பக்கத்துக்கு நான்கு அடுக்கு சிலிக்கான் ஹோஸும் டி-போல்ட் கிளாம்பும். உறிஞ்சும் பக்கத்தில் நீளமான சாதா ஹோஸ் போட்டால் முழு மிதியில் உள்ளே ஒட்டிக்கொள்ளும், நிறுத்திப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. அங்கே கம்பிச்சுருள் உள்ள ஹோஸ், அல்லது ஹோஸை 80 மி.மீ.க்குள் முடித்துக் குழாயை நீட்டுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லாக் கிளாம்பையும் சூடு ஆறியதும் ஒருமுறை மறுபடி முறுக்க வேண்டும், சிலிக்கான் அதற்குள் அமுங்கியிருக்கும்.